கூடுதலாக ஒரு விரல்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. முதுகை நிமிர்த்தி உட்கார முடிகிறது. இந்த ஐசலின் ஊரில் என் மகன் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடுவான். அதனால் வந்த நாள் முதல் நான் சாப்பாட்டு மேஜை நாற்காலியில்தான் உட்காருகிறேன்.

மொழிபெயர்க்கிற அம்மணிக்கு ஈரோட்டுப் பக்கம் என்றார்கள். நல்லது. நான் சொல்வதை அப்படியே இந்தப் போலீஸ் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். நேற்று நீங்கள் அழைத்துவந்து வைத்திருக்கும் ரஞ்சித்குமார் என் மகன். அவனை வீட்டுக்கு அனுப்புங்கள். அவன் பொய் சொல்லக்கூடியவன்தான். ஆனால் தன் மகளை வெட்டும் துணிச்சல் அவனுக்கு இல்லை.

அந்தப் பொய்யிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் குடும்பத்தில் சில பிள்ளைகளுக்கு வலது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு விரல் இருக்கும். பிறந்த மூன்றாம் நாள் அதன் அடியில் குதிரைமுடியை இறுக்கிக் கட்டுவோம். சில நாளில் காய்ந்து விழுந்துவிடும். வெளியே யாருக்கும் தெரியாது. எனக்கும் அப்படித்தான் விழுந்தது. நெல்மணி அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் உண்டு. என் மனைவி அதை மரு என்றே நினைத்திருந்தாள். எங்கள் மகள் கலாவதிக்கு அந்த விரல் இருந்தபோது, தன் பிறந்த வீட்டு வழியாக வந்துவிட்டதோ என்று அவள் அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை. கடைசிவரை அவளுக்கு அந்தக் குறை இருந்தது.

ரஞ்சித்துக்கு இங்கே மகள் பிறந்தாள். தென்றல் என்று பெயர். அவளுக்கும் அந்த விரல் இருந்தது. "எடுத்தாச்சுங்கப்பா, டாக்டரே எடுத்துட்டாங்க" என்று அவன் போனில் சொன்னான். எட்டு வருடம் நம்பினேன். வந்த போட்டோக்களில் எல்லாம் அந்தக் கை ஒரு பொம்மைக்குப் பின்னால் இருந்தது. போன ஜூலையில் நூவர்க் விமான நிலையத்தில் நான் இறங்கியபோது, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கையை ஆட்டினாள். ஆறு விரல்.

"அதுல எலும்பு இருக்குதுங்கப்பா. பெரிசானதும் அவளே முடிவு பண்ணட்டும்" என்றான் என் மகன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காரை ஓட்டிக்கொண்டே சொன்னான்.

அந்த விரலைப் பற்றி அவள் வெட்கப்படக்கூடாது என்று அவன் அவளுக்குச் சில வீடியோ கேசட்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தான். ம்யூட்டன்ட் என்கிற மனிதர்களைப் பற்றிய படங்கள். அவர்களுக்குப் பிறவியிலேயே உடம்பில் ஏதோ ஒன்று மாறி இருக்கும், அதுவே சக்தியாகிவிடும். ஒருத்தி பார்வையாலேயே பூட்டைத் திறப்பாள். ஒருவனுக்குக் கையை வெட்டினால் அதே இடத்தில் புதுக்கை முளைக்கும். சாதாரண ஜனங்கள் பயந்துபோய் இவர்களைத் துரத்துவார்கள். தென்றல் தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிவிட்டு வந்ததும் என் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து படம் பார்ப்பாள். நானும் பார்த்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்கு அந்தப் படங்கள் பிடித்திருந்தன. ஒன்றில் ஒரு பையனுக்குச் சக்தி இருப்பதே தெரியாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே அதை யாரோ எடுத்திருப்பார்கள். அதைப் பார்த்த அன்று என்ன தோன்றியதோ, அவளிடம் என் தழும்பைக் காட்டினேன்.

"அப்பாரு, யூ ஆர் ஒன் டூ?" என்றாள். எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்போம்.

"ஆமா கண்ணு. எனக்கும் இருந்துச்சு, கலா அத்தைக்கும் இருந்துச்சு. ஆருகிட்டயும் சொல்லப்படாது."

"ப்ராமிஸ்" என்றாள். தழும்புக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். என் ஆயுளில் நான் வாய்விட்டுச் சொன்னது அவளிடம் மட்டும்தான்.

கலாவதியும் அண்ணன் வீட்டிலிருந்துதான் இங்கே வேலைக்குப் போகிறாள். அவளைப் பெண் பார்க்க, போன ஞாயிற்றுக்கிழமை மணியனும் அவர் சம்சாரம் பவளமும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கோயமுத்தூர்க்காரர்கள், நல்ல இடம். தென்றலை மாடியிலேயே வைத்திருக்கச் சொல்லியிருந்தேன். அவள் முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்கண்ணு, கையில என்னாச்சு?" என்றார் பவளம்.

"நத்திங், ஆன்ட்டி. ஐ ஆம் அ ம்யூட்டன்ட். அப்பாருவும்தான். கலா அத்தையும்தான். அவங்களோடத எடுத்துட்டாங்க. ஸோ சேட்."

மாப்பிள்ளைப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்பக் கல்யாணம் பண்ணுனா எனக்கும் பவர் வருமா?" என்று கேட்டான்.

"நோ. யூ ஹாவ் டு பி பார்ன் வித் இட்" என்றாள் தென்றல்.

எல்லோரும் சிரித்தார்கள். கலாவதியும் சிரித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மணியன் போன் செய்தார். "இதெல்லாம் ஒரு விசயமுங்களா? தேதி குறிச்சிருவோமுங்க" என்றார். அதிகாரி இப்போது கேட்பது எனக்குப் புரிகிறது. கல்யாணம் நிற்கவில்லையே, பிறகு எதற்கு என்கிறார். பெருந்தன்மையாகப் பேசுகிறவனிடம் பெண்ணைக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. "பாத்தீங்களாப்பா, ஒண்ணுமே ஆகல" என்று என் மகனும் சொன்னான். நான் என் மனைவியிடம்கூடக் கொடுக்காத ஒன்றை அந்தப் பிள்ளை கையில் கொடுத்திருந்தேன். அவள் அதை முறுக்கோடு சேர்த்துப் பரிமாறிவிட்டாள். அதற்குப் பெயர் ஒன்றும் ஆகவில்லையாம்.

வியாழக்கிழமை தென்றல் பள்ளிவிட்டு வந்தபோது வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். செய்யத் தெரியாமல் செய்யவில்லை. கோழி வெட்டும் கத்தரியை நன்றாகக் கொதிக்க வைத்தேன். விரலைப் பனிக்கட்டியில் மரத்துப்போக வைத்தேன். துணி, மருந்து எல்லாம் பக்கத்தில் இருந்தன.

"வலிக்குமா, அப்பாரு?"

"கொஞ்சந்தான். நெசமான ம்யூட்டன்ட்டா இருந்தா, படத்துல அவனுக்கு மொளைக்கற மாதிரி ஒனக்கும் மொளைச்சுக்கும்."

அவள் யோசித்தாள். "தென் உங்களுக்கு ஏன் மொளைக்கல?"

"நான் நம்பல கண்ணு. அதான்."

"ஐ பிலீவ்" என்று சொல்லிக் கையை நீட்டினாள். நான் பிடித்து இழுக்கவில்லை. அவளாகவே நீட்டினாள். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

வெட்டினேன். ரத்தத்தை நிறுத்தி, முறையாகக் கட்டுப் போட்டேன். போடும்போது, "இதையாவது ஆருகிட்டயும் சொல்லாம இருப்பியா?" என்று கேட்டேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

அப்பாவிடம் கார்க் கதவு நசுக்கியது என்றாள். அம்மா அழுது கேட்டபோதும் அதையே சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நம்பவில்லை. அப்பா செய்தாரா என்று திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். கதவுதான் என்றாளாம். நீங்கள் அவள் அப்பனைக் கூட்டிவந்த பிறகும் அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

ஏன் நிறுத்திவிட்டீர்கள், அம்மணி? தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் இவரிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு யாராவது போனால் தென்றலிடம் சொல்லவேண்டும். இந்தத் தடவை அவள் வாக்குத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்குச் செய்ததை நான் மன்னித்துவிட்டேன்.