தொண்டை கட்டிய நாள்

வட்டக்கச்சி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் கரகரத்த குரலில் சொன்னாள்:

“தொண்டை கட்டிப்போச்சு. வீட்டுக்கு எப்பிடிப் போறதெண்டு தெரியேல்லை.”

“தொண்டைக்கும் வீட்டுக்கும் என்னக்கா?”

“எங்கட மனுசன் பர்மாச் சண்டைக்குப் போய் வந்தவரெல்லே. சத்தமில்லாமல் ஆரும் கிட்டப் போனால் மண்வெட்டியை ஓங்கிப்போடுவார். நான் மதகடியிலயிருந்தே தேவாரம் பாடிக்கொண்டுதான் போறனான். என்ர குரலெண்டால் அமந்திடுவார்.”

“நான் வந்து பாடட்டே?”

“ஐயோ, வேண்டாம் பிள்ளை. வேற குரலெண்டால் இன்னும் பயப்பிடுவார். மதகிலேயே இருக்கிறன், தேடி வரட்டும்.”

“வருவாரோ?”

“காணிக்குக் குடிவந்த நாளிலயிருந்து அந்த மதகடிக்கே வந்ததில்லை.”

மதகடியில் பஸ் நின்றது. அவள் இறங்கி, மதகின் கட்டுச் சுவரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்தாள்.