வீடு மூச்சு விடணும்

— இன்னொரு தடவை தட்டுங்க மிஸ் அல்மீடா! தொடப்பக்கட்டையால பலமா. உங்க வீட்டு மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்கிற பொந்துல கிடக்கேன், எந்த ரூமுக்குக் கீழ கிடக்கேன்னு எனக்கே தெரியல.

— தட்டிட்டேன். இது சமையக்கட்டு, அடுப்புப் பக்கம். கேக்குதாடா வெர்லின்?

— கேக்குது, கேக்குது. கூடவே மண்ணும் வாயில விழுது. அப்படியே நில்லுங்க. இல்ல, நிக்காதீங்க. ரெண்டடி பின்னால போங்க.

— எதுக்கு?

— நீங்க நிக்கிற இடத்தைத் தாங்குற கட்டையில என் ஸ்க்ரூட்ரைவர் பிடி வரைக்கும் இறங்குது. சத்தியமா, கேக்குல கத்தி விட்ட மாதிரி.

— நாப்பத்தாறு வருஷமா இங்க நின்னுதான்டா சமைக்கிறேன்.

— இவ்வளவு நாள் உங்க நல்ல நேரம். பின்னால போங்க.

— ஸ்கூல் பஸ் ஓட்டுன காலத்துல உன்னைப் பாதி வழியில இறக்கிவிட்டேனே, அதுக்கு இப்பப் பழி வாங்குறியா?

— பழி வாங்கணும்னா அங்கயே நில்லுங்கன்னுல்ல சொல்லியிருப்பேன்? மூணு மைல் நடந்தேன் மிஸ் அல்மீடா. மழையில.

— பன்னெண்டு வயசுல புகையிலை மென்னு, ஜன்னல் வழியா பாதிரியார் கார் மேல துப்பினே. நடக்க விட்டது உன் அதிர்ஷ்டம். சரி, அங்க வேற என்ன இருக்கு?

— குளிர் ஏறாம இருக்கத் தரைக்கு அடியில அடைச்ச கண்ணாடிப் பஞ்சு அத்தனையும் ஈரத்துல ஊறித் தொங்குது. பாதி மண்ணுல விழுந்து கிடக்கு. அப்புறம், அஞ்சடிக்கு ஒரு பாம்புச் சட்டை.

— சட்டை மட்டும்தானே?

— ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். தேடாம இருந்தாலும் நல்லதுதான்.

— பஞ்சு எப்படிடா நனைஞ்சுச்சு? கூரை ஒழுகல, குழாய் உடையல.

— சுவரைச் சுத்திப் பதினாலு காத்து ஓட்டை இருக்கே, அதனாலதான். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் பென்சில்ல எழுதியிருக்கு பாருங்க. "ஈஸ்டர் 1981, திறந்தது. நன்றித் திருநாள் 1981, மூடினது." இப்படியே போகுது, வருஷா வருஷம்.

— எங்க வீட்டுக்காரர் ஹோபர்ட் எல்லாத்துலயும் தேதி எழுதுவார். பல்பு, ஊறுகா பாட்டில், கார் பேட்டரி. என் முதுகு ஒண்ணுதான் தப்பிச்சுது. ஈஸ்டர் அன்னிக்குக் காலையில, சர்ச்சுக்குன்னு போட்ட நல்ல பேன்ட்டோட மண்டி போட்டுப் பதினாலையும் திறப்பார், நவம்பர்ல நன்றித் திருநாளுக்கு மூடுவார். கேட்டா, "வீடு மூச்சு விடணும்"பார்.

— எங்கப்பாவும் அதையேதான் சொல்லுவார். இந்த டென்னசி மலையில எல்லா அப்பனும் அதைத்தான் சொன்னான். அதுலதான் என் பிழைப்பே ஓடுது.

— செத்தவரைக் குத்தம் சொல்லாதே.

— சரி, நீங்களே சொல்லுங்க. ஜூலையில வாசல்ல ஐஸ் டீ கொண்டு வச்சா டம்ளர் வேர்க்குமா வேர்க்காதா?

— வேர்க்கும்.

— டீயா கசியுது?

— லூசா நீ? காத்துல இருக்கிற ஈரம்.

— அதேதான் இங்கயும். வெளிக்காத்து பிழியாத துணி மாதிரி இருக்கு, இந்தப் பொந்து குளுகுளுன்னு கிடக்கு. ஓட்டையைத் திறந்தா அந்த ஈரம் மொத்தமும் உள்ள வந்து கட்டை மேல வேர்க்குது. மிஸ்டர் ஹோபர்ட் வீட்டை மூச்சு விட வைக்கல. வருஷத்துல ஏழு மாசம் குளிப்பாட்டியிருக்கார்.

— சரிடா, பெரிய விஞ்ஞானி. இப்ப என்ன செய்யணும்?

— அடுப்புக்குக் கீழ ரெண்டு கட்டை உளுத்திருக்கு, அதுக்குப் பக்கத்துல புதுக் கட்டை குடுப்பேன். மண்ணு மேல கனத்த பிளாஸ்டிக் விரிச்சுச் சுவரோட ஒட்டுவேன். சுவர் முழுக்கத் தெர்மோகோல் பலகை. ஈரம் உறிஞ்சுற மிஷின் ஒண்ணு வைப்பேன். பதினாலு ஓட்டையையும் ஒரேயடியா அடைச்சிடுவேன். அதோட இந்தப் பொந்தும் வீட்டுல ஒரு ரூம் மாதிரி ஆயிடும்.

— கட்டை குடு, பிளாஸ்டிக் விரி, மிஷின் வை. ஓட்டையை மட்டும் தொடாதே.

— அது ஜன்னலைத் திறந்து போட்டுட்டு ஏசி போடற கதை மிஸ் அல்மீடா!

— வாக்குக் குடுத்திருக்கேன்டா. பிப்ரவரியில, ஆஸ்பத்திரியில. நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன், கடைசியா என் கையைப் பிடிச்சுக் கிட்ட இழுத்தார். ஏதோ சொல்லப் போறார்னு காதைக் கொண்டு போனேன். "அல்மீடா, ஈஸ்டர் வருது. ஓட்டையைத் திறந்துடு"ன்னார்.

— வேற ஒண்ணுமே சொல்லலையா?

— சொன்னார். "பதினாலும்"னார். அதோட மூச்சு நின்னு போச்சு.

— அடக் கடவுளே.

— நாளைக்கழிச்சு ஈஸ்டர். நான் திறந்தாகணும்.

— உங்க பொண்ணு டெப்ரா செப்டம்பர்ல ஆளைக் கூட்டிட்டு வருதுன்னு சொன்னீங்களே?

— ஆமா. நாக்ஸ்வில்லேருந்து. அந்தாளு கட்டையில மீட்டரைக் குத்திப் பாப்பானாம். காய்ஞ்சிருந்தா நான் இங்கயே இருக்கலாம். ஈரம்னா வீட்டை வித்துட்டு, அவ வீட்டுப் பக்கத்துல முதியோர் ஃபிளாட்ல நாலாவது மாடி. போய்ப் பாத்துட்டு வந்தேன். மத்தியானம் மூணு மணியானா எல்லாரையும் வட்டமா உக்கார வச்சுப் பலூன் தட்டச் சொல்றாங்க வெர்லின். பலூன்! நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில ஐஸ் மேல பஸ் ஓட்டுனவ நான்.

— மீட்டர் பத்தொன்பதைத் தாண்டக் கூடாது. இங்க இருபத்தேழு காட்டுது. ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டையைத் திறந்தா, செப்டம்பர்ல பலூன்தான்.

— தெரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவர் பாத்துட்டே இருக்கார்டா.

— மேலேருந்தா?

— ஃப்ரிட்ஜ் மேலேருந்து. சாம்பலைத் தூண்டில் பெட்டியில வச்சிருக்கேன். அவரே கேட்டதுதான்.

— முள்ளையெல்லாம் எடுத்துட்டீங்கதானே?

— ரெண்டை விட்டு வச்சேன். நீ வேலையைப் பாரு.

— பாக்குறேன். படுக்கை ரூம் பக்கம் ஊர்ந்து போறேன். அங்க நிலைமை எப்படி?

— ஐஸ்கட்டி. நவம்பர் வந்தா என் கால் ரெண்டும் என்னோடதாவே இருக்காது. அவருக்கு ஒண்ணும் உறைக்காது. ஜனவரியில சட்டையைக் கழட்டிட்டுத் தூங்குவார். "மலைக்காரன் ரத்தம்"னு மாரைத் தட்டிக்குவார். நான் முனகினா, "சாக்ஸ் போட்டுக்கோ"ம்பார். அவ்வளவுதான் வைத்தியம்.

— மிஸ் அல்மீடா.

— பாம்பா?

— இல்ல. இங்க கட்டை காய்ஞ்சிருக்கு. மீட்டர் பதினொண்ணு காட்டுது. பதினொண்ணு! புதுசா அறுத்த கட்டை மாதிரி மஞ்சளா இருக்கு.

— எப்படி?

— யாரோ வேலை செஞ்சிருக்காங்க. கட்டைக்கு நடுவுல வெள்ளித்தாள் ஒட்டின பஞ்சு, அது விழாம இருக்க மரச்சட்டம் அடிச்சு, சுத்திப் பலகை வச்சுப் பெட்டி மாதிரி மூடியிருக்கு. பக்கத்துல இருக்கிற ஓட்டைக்கும் உள்பக்கமாப் பலகை. வெளியேருந்து மூடியைத் திறந்தா திறந்த மாதிரிதான் தெரியும், ஒரு துளி காத்து உள்ள வராது. பென்சில்ல தேதி வேற. "டிசம்பர் 4, 1993. ஹெச்."

— ஹோபர்ட்டா?

— சத்தியமா அவர் எழுத்துதான். உங்க கட்டிலுக்கு நேர் கீழ. கால் குளிருதுன்னு நீங்க முனகினீங்கல்ல? வாய்ல சாக்ஸ்னு சொல்லிட்டு, சத்தமில்லாம வந்து இந்த மண்ணுல மல்லாந்து படுத்து, தன் கொள்கையையே விட்டுட்டு உங்களுக்காக இதைச் செஞ்சிருக்கார். என் ரெண்டாவது பொண்டாட்டிக்கு நான் இப்படி ஒண்ணு செஞ்சிருந்தா மூணாவது தேவைப்பட்டிருக்காது.

— ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுஷன்.

— அழறீங்களா?

— மூக்கு ஒழுகுது. முப்பது வருஷமாத் திட்டினேன்டா. கல்லுன்னேன், கட்டைன்னேன். எரிக்கக் கொண்டு போறதுக்கு முன்னாடி சவப்பெட்டிகிட்டக்கூட, "இப்பக் குளிருதா?"ன்னு கேட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு வெர்லின்.

— அவர் மனசு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுல்ல, அது போதும். இப்ப நிம்மதியா அடைச்சிடலாம்.

— அடைக்கிறதா? இப்படிப்பட்ட மனுஷனுக்குக் குடுத்த வாக்கை மீறச் சொல்றியா? கொண்டு வந்த பிளாஸ்டிக்கைச் சுருட்டு. மிஷினை வண்டியில ஏத்து. ஞாயித்துக்கிழமை பதினாலையும் நானே மண்டி போட்டுத் திறப்பேன்.

— அய்யோ, என் வாயை நானே தெச்சுக்கணும். பலூன் மிஸ் அல்மீடா, பலூன்!

— தட்டிட்டுப் போறேன். சுருட்டுன்னேன்.

— சரி, சுருட்டுறேன். போறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியோட ஓரம் உளுத்திருக்கான்னு மட்டும் பாத்துடறேன். நீங்க படுக்கிற இடத்துக்கு நேரா ஒரு தட்டு தட்டுங்க.

— இந்தா.

— அங்க இல்ல. அது பஞ்சு தொங்குற பக்கம், என் முதுகெல்லாம் சேறு. உங்க பக்கம் தட்டுங்க.

— என் பக்கம்தான்டா தட்டுறேன். அலமாரிப் பக்கம்.

— பெட்டி ஜன்னல் பக்கத்துலல்ல இருக்கு?

— ஜன்னல் பக்கம் ஹோபர்ட் படுப்பார்.

— எப்பவாவது பக்கம் மாத்தினீங்களா?

— கல்யாணம் ஆன நாள்லேருந்து மாத்தல. வெர்லின், அந்தப் பெட்டி எவ்வளவு அகலம்?

— அளந்தா பாத்தேன்? ஒரு ஆள் மல்லாந்து படுக்கிற அகலம் இருக்கும்.

— ரெண்டு ஆள்?

— ஒரு ஆள், மிஸ் அல்மீடா.

— 1993 டிசம்பரா?

— நாலாம் தேதி.

— அந்தக் கிறிஸ்துமசுக்கு எனக்கு ஆறு ஜோடி சாக்ஸ் வாங்கிக் குடுத்தார். கம்பளி. கலர் காகிதத்துல சுத்தி. ஒவ்வொரு ஜோடியிலயும் தேதி எழுதி.

— நான் தப்பா ஏதாவது சொல்லியிருந்தா...

— சாகும்போதுகூடப் பதினாலும்னார்டா!

— மிஸ் அல்மீடா? நாற்காலியை இழுக்கிற சத்தம் கேக்குதே, எங்க ஏறுறீங்க? உளுத்த கட்டை மேல நிக்காதீங்க!

— ஃப்ரிட்ஜ்கிட்ட இருக்கேன். நீ சுருட்டினதை விரி. பதினாலையும் அடை.

— பதிமூணுதான் பாக்கி. ஒண்ணை அவரே அடைச்சிட்டார்.

— பதிமூணையும் அடை. பலூனாம் பலூன். நான் இந்தத் தூண்டில் பெட்டியை மூடியைத் திறந்து வாசப்படியில வச்சுட்டு வர்றேன். அவர் நல்லா மூச்சு விடட்டும்.