பாதத்தில் பஞ்சு

முட்டையை அதிக நேரம் வேகவைத்தால் வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி ஆகிவிடும். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அது தொண்டையைவிட்டு இறங்காது. தம்பி விக்டருக்கு நான் ஒருநாளும் அப்படி வேகவைத்ததில்லை. நீங்கள் அவனையே கேட்டுப் பார்க்கலாம் மேடம்.

எங்கள் அம்மா செத்துப்போனபோது அவனுக்குப் பத்து வயது, எனக்குப் பத்தொன்பது. பிறகு நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வளர வளர அவன் உடம்பும் பெருத்தது. முப்பது வயதில் நூற்று நாற்பத்தாறு கிலோ. பொம்மிடியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் சென்டர் வைத்துக்கொடுத்தேன். குனிய முடியாது, அதனால் கால் கழுவிவிடுவது, நகம் வெட்டுவது எல்லாம் நான்தான்.

சேலத்தில் ஆபரேஷன் செய்ததும் என் யோசனைதான். மூச்சுத் திணறி அவன் செத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். டயட்டீசியன் அன்ஜும் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் புரதம், அப்புறம்தான் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சத்து மாத்திரையும் வைட்டமின் பி12 ஊசியும் ஆயுசுக்கும் வேண்டும். நிறுத்தினால் நரம்பு கெடும், கெட்டது திரும்பாமலும் போகலாம். கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டிருப்பேன். நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது.

ஒரு வருஷத்தில் எண்பத்திரண்டு கிலோவுக்கு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது சொன்னான்.

"அக்கா, எனக்குப் பொண்ணு பாருங்க. கண்ணாலம் ஆனா ஓசூர்ல வேலைக்குப் போயி அங்கயே வூடு எடுத்துக்கிறேன். நீங்களும் எத்தன நாளைக்குத்தான் எங்கூடச் சிரமப்படுவீங்க?"

சரி என்றேன். அந்த வாரமே, டாக்டர் போன் செய்ததாகவும் இனி மாத்திரையும் ஊசியும் வேண்டாம் என்றதாகவும் சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டான். மாத்திரை வாடை அவனுக்குப் பிடிக்காது.

நிறைய தின்னக் கொடுத்து அவனை மறுபடி குண்டாக்கியிருக்கலாம். ஆனால் ஊர் சிரிக்கும். அவன் அவமானப்படுவதை என்னால் பார்க்க முடியாது. அதனால் எடையை மட்டும் ஏறவிடவில்லை. ஆஸ்பத்திரியில் என் நம்பர்தான் கொடுத்திருந்தோம். அன்ஜும் கூப்பிடும்போதெல்லாம் எடையைச் சொல்வேன். ரத்தப் பரிசோதனையைத் தர்மபுரியிலேயே எடுத்துவிட்டோம், எல்லாம் சரியாக இருக்கிறது என்பேன்.

"உங்கள மாதிரி அக்கா எல்லாருக்கும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லீங்க" என்பாள் அந்தப் பெண்.

பெண் அமைய இரண்டு வருஷம் ஆயிற்று. காரிமங்கலத்து ஜெனிஷா, ஓசூரில் வேலை. நிச்சயம் முடிந்த மாதம் அவன் சொன்னான்.

"அக்கா, பாதத்துல பஞ்சு கட்டுன மாதிரி இருக்குது."

"எடை கொறஞ்சா அப்பிடித்தான்டா. போவப் போவச் சரியாப் பூடும்."

பிறகு ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு மாதா கோயில்வரை நடந்து போனான். பின்னால் போன நான் செருப்பை எடுத்துக்கொண்டேன். கூப்பிடவில்லை. அடுத்து ஜெனிஷாவின் பெயரை மறந்தான், கம்ப்யூட்டரில் விரல் தடுமாறியது. பஸ் ஸ்டாண்டில் கால் நிற்காமல் அவன் விழுந்தபோது கூட இருந்தவள் ஜெனிஷா. அவள்தான் தர்மபுரியில் டாக்டரிடம் கொண்டுபோனாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று டாக்டர் கேட்க, எதுவுமில்லை என்றிருக்கிறான். அவள் அன்ஜுமைக் கூப்பிட்டாள். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், நான்தான் நிறுத்தினேன். மறந்துபோய் அல்ல. என்ன ஆகும் என்று தெரிந்து, மூன்று வருஷம், தினமும்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். நேற்று ஜெனிஷா வேன் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "எங்க வூட்டுக்குப் போயிரலாம், எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கட்டிலைவிட்டு எழவே இல்லை. அக்காவை விட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை.