பை வைத்த மேல்சட்டை

எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் லீடர்களின் மேல்சட்டைக்கு மட்டும்தான் பை உண்டு, இன்ஸ்பெக்டர் சார். மற்றவர்களுக்கும் பை இருந்தால் அதிலுள்ள சாமான் ஏதாவது கையுறைப் பெட்டிக்குள் விழுந்துவிடுமென்று அப்படியொரு சட்டம். அந்தச் சட்டையைப் போடுவதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

துளசி பாகான் டத்தோ என்கிற ஊரிலிருந்து வேலைக்கு வந்தபோது ஈப்போவில் அவளுக்கு நாதியில்லை. அறை பார்த்துக் கொடுத்தது நான். வேலை பழக்கியதும் நான். ரப்பர்த் தூள் பட்டால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். வாயில் வைத்து அடிக்கும் மருந்துப் பம்பை முதல் நாளே என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"நீங்களே வச்சிருங்க விமலாக்கா. உங்கள நம்பித்தான் இருக்கேன்."

வருடக்கணக்காக அது என் பையில்தான் கிடந்தது. அவள் நெஞ்சைப் பிடித்தால் போதும், ஓடிப்போய் நிற்பேன். கூடப்பிறந்தவள்கூட அப்படிச் செய்யமாட்டாள்.

பிறகு சாந்தினியையும் லீடராக்கினார்கள். நேற்று வந்தவள், வாயில் சர்க்கரை. இருவரும் ஒரே பொட்டலத்தில் நாசி லெமாக் சோறு சாப்பிட ஆரம்பித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் துளசி வந்து கையை நீட்டினாள்.

"அக்கா, பம்பு இனிமே சாந்தினிகிட்ட இருக்கட்டும் லா. அவதான் என் பக்கத்துலயே நிக்கிறா. உங்களுக்கும் தொல்லை இல்ல."

சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். நான் எப்போது தொல்லை என்று சொன்னேன்?

போன திங்கட்கிழமை நடந்ததை நீங்கள் கேமராவில் பார்த்திருப்பீர்கள். தேநீர் வேளையில் சாந்தினி மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கேன்டீனுக்குப் போனாள். அதிலிருந்த பம்பை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். கெட்ட எண்ணம் கிடையாது. அவள் எவ்வளவு பொறுப்பில்லாதவள் என்று துளசிக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

வேலை தொடங்கிச் சற்று நேரத்தில் துளசிக்கு இழுப்பு கண்டது. சாந்தினி பையைத் துழாவினாள், தரையில் தேடினாள்.

"இங்கதான் வச்சேன்! சத்தியமா இங்கதான் வச்சேன்!"

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட ஓடினார்கள். நான் துளசியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பம்பு என் பையில், அவள் காதோரம் இருந்தது. "அக்கா, குடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கேட்காமல் எப்படிக் கொடுப்பது சார்? அவள்தானே வேண்டாமென்று வாங்கிக்கொண்டு போனவள்.

தன்னால்தான் துளசி போய்விட்டாள் என்று சாந்தினி இன்னும் அழுதுகொண்டிருக்கிறாளாம். அழவேண்டாமென்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு அவள்மேல் பொறாமை ஒன்றும் இல்லை. சாந்தினி எதிரிலேயே நின்று கதறினாள். துளசி அவள் பக்கம் திரும்பவேயில்லை. கடைசி மூச்சு வரைக்கும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.