மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத கார்

எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் கீழே கராச் வாசல் முழுதாகத் தெரியும். அதற்கு நான் பொறுப்பில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் இந்த மாடிக் கட்டிடத்தைக் கட்டியவர்கள் அப்படிக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தேத்தண்ணி ஆற்றும்போது கண்ணை மூடிக்கொண்டா நிற்க முடியும்?

கீழ்வீட்டுக் குகதாசன் கார் செய்யத் தொடங்கியதும் அப்படித்தான் தெரியவந்தது. அவர் பஸ் ஓட்டுகிறவர். பகல் முழுதும் அவ்வளவு பெரிய வண்டியோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு, இங்கிலாந்தில் இருந்து பெட்டி பெட்டியாக ஒரு சின்னக் காரின் பாகங்களை வரவழைத்துத் தன் கையால் பொருத்திப் பூட்ட வேண்டும் என்று ஆசை. எஞ்சின் ஒரு பழைய காரில் கழற்றியது. உடம்பு முழுவதும் பைபர்கிளாஸ், அதாவது பிசினில் தோய்த்த கண்ணாடி நார். துருப்பிடிக்காது என்றார். வந்திறங்கிய அன்று அது கவிழ்த்து வைத்த குளியல் தொட்டி மாதிரி இருந்தது. கோவிலில் நாலு பேரிடம் அதைச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் திராமன் நகரம் வரைக்கும் அவருக்குக் 'குளியல்தொட்டிக் குகதாசன்' என்று பெயர் போய்விட்டது. பெயரை நான் வைக்கவில்லை. உவமையை மட்டும்தான் கொடுத்தேன்.

அவருடைய மனைவி யோகாம்பாள் வேலை முடிந்து வந்ததும் நேரே என் குசினிக்குத்தான் வருவாள். என் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிற ரொம்மனில் இருந்து தொலைபேசியில் சுகம் விசாரிக்கிறவர்கள். யோகாம்பாள் வந்து இருந்து கதைக்கிறவள். எல்லாம் அந்தக் காரைப் பற்றிய முறைப்பாடுதான். உடுப்பெல்லாம் பிசின் மணம், கோடை விடுமுறைக்கு ஒரு இடமும் போனதில்லை, கலியாண வீடுகளுக்குத் தனியாகப் போய்த் தனியாக வருகிறாள்.

"நான் காய்ச்சலெண்டு படுத்தாலும் நெத்தியைத் தொட்டுப் பாக்காத மனுசன், அக்கா. அந்தக் கதவை நாள் முழுக்கத் தடவிக்கொண்டு நிக்குது" என்பாள்.

நான் வடையைத் தட்டில் வைத்து, "அப்ப பிறகு?" என்பேன். அந்த வருடங்களில் எனக்குப் பொழுது போகவில்லை என்ற குறையே இருந்ததில்லை.

இப்படிப்பட்ட விடயத்தில் ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டுவிட்டு இருக்கக்கூடாது. ஆகவே சனிக்கிழமைகளில் நானும் குப்பை கொட்டுகிற சாட்டில் கராச்சுக்குப் போவேன். இப்படிக் கையால் கார் பூட்டுகிற நோர்வேக்காரர் சிலர் அங்கே கூடுவார்கள். அவர்களில் மூத்தவர் ஓட்வார். சுடுதண்ணிப் போத்தலும் கையுமாக வந்து, பலாப்பழம் வாங்குகிறவரைப் போல விரல் முட்டியால் காரின் உடம்பைத் தட்டித் தட்டிக் காது கொடுப்பார். நாருக்கும் பிசினுக்கும் நடுவில் காற்றுக் குமிழ் அகப்பட்டிருந்தால் அந்த இடம் பொள்ளென்று சத்தம் போடுமாம். கதவு இடுக்கில் ஒரு குரோனர் நாணயத்தை விட்டு மேலிருந்து கீழே இழுப்பார். எங்கும் இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. கராச் கூரையில் எரிகிற குழல் விளக்கின் பிம்பம் பொனெற் மூடியில் வளையாமல் ஓடுகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

அவர் போன பிறகு நானும் தட்டினேன், நாணயம் விட்டேன், குனிந்தேன். குறை பிடிக்கத்தான் போனேன், மறைக்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை. வலை வலையாக நாரை விரித்துப் பிசின் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி, அந்த மனிதன் ஒரு பளிங்கையே செய்து வைத்திருந்தார். ஓட்வார் "மோசமில்லை" என்றார். நோர்வேக்காரர் வாயால் அது வந்தால், எங்கள் ஆட்கள் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தியதற்குச் சமம்.

இதுவரைக்கும் எனக்கு அந்தக் காரோடு ஒரு கோபமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை யோகாம்பாள் சாப்பாட்டுப் பெட்டியோடு கராச்சுக்குப் போனாள். ஓட்வார் மரியாதைக்குக் கதவைத் திறந்து, ஏறி இருந்து பாருங்கள் என்றார். அவள் இருந்தாள். அவர் கதவைச் சாத்தினார். அன்று பின்னேரம் என் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "கதவு சாத்தின சத்தத்தைக் கேட்டனியளோ, அக்கா? நகைப்பெட்டி மூடின மாதிரி." தேத்தண்ணிக்கு உள்ளே வரவில்லை.

அடுத்த கிழமை பார்த்தால், பழைய உடுப்போடு குகதாசனுக்குப் பக்கத்தில் நின்று ஈரமான உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் எதையோ சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்கள் யன்னலால் பார்க்கலாம், கேட்க முடியாது. இது எவ்வளவு வேதனை என்பது உங்களுக்குப் புரியுமோ தெரியாது.

படிக்கட்டில் அவளைக் கண்டபோது என்ன திட்டம் என்று விசாரித்தேன்.

"நம்பர் பிளேட் கிடைச்ச உடன பேர்கன் பக்கம் ஒரு சுத்து, அக்கா. இனி ஒவ்வொரு சனி, ஞாயிறும் எங்கையாவது. ரெண்டு சீட்தானே, ஒருத்தரையும் ஏத்த வேண்டி வராது" என்றாள்.

நான் நிதானமாக யோசித்தேன். மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத காரை ஒரு மனிதர் எதற்காகச் செய்கிறார்? அதுவும் மேல் திறந்த கார். யோகாம்பாளுக்குச் சின்ன வயதில் இருந்தே காதுக்குள் குத்து வலி. நோர்வேக் காற்று அந்தக் காதை என்ன பாடுபடுத்தும்? அவளுக்காக யோசிக்க யாராவது வேண்டாமா?

நம்பர் பிளேட்டுக்கான பரிசோதனை செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு காலை பூசை. ஒஸ்லோவில் எந்தத் தமிழன் கார் எடுத்தாலும் சில்லுக்குத் தேசிக்காய், பொனெற்றில் சந்தனம், ஒரு தேங்காய், கற்பூரம் இல்லாமல் றோட்டில் இறக்குவதில்லை. ஐயருக்கு அன்று வேறு கலியாணம் இருந்தது. அவரைக் கரைச்சல்படுத்த வேண்டாம், நானே செய்து விடுகிறேன் என்றேன்.

"அக்கா, கற்பூரத்தை வெளியிலை மட்டும் காட்டுங்கோ. உள்ளுக்கை பெயின்ற் இல்லை, வெறும் நாரும் பிசினும். பத்தினால் நிக்காது" என்றார் குகதாசன்.

நான் ஓம் என்றேன். ஓட்வார் அதை ஏற்கனவே சொல்லக் கேட்டிருந்தேன். அன்று காலை காரில் பட்ட கைரேகைகளைத் துடைத்த துணி ஒன்று சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதில் என்ன எண்ணெய் ஊறியிருக்கிறது, அது எப்படி எரியும் என்பதும் எனக்குத் தெரியும். பல சனிக்கிழமை குப்பை கொட்டியிருக்கிறேன் அல்லவா.

தேங்காய் சிதறும், தள்ளி நில்லுங்கோ என்று எல்லாரையும் சுவரோரம் அனுப்பினேன். ஒருவருக்கும் ஒரு கீறலும் வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். எரிகிற கற்பூரத் தட்டை அந்தத் துணியின் மேல் சரித்து வைத்தேன். பிறகு முன்னுக்கு வந்து தேங்காயை உடைத்தேன். சரி பாதியாகப் பிரிந்தது. நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தபோது பிசினெல்லாம் எரிந்து, கண்ணாடி நார் மட்டும் சாம்பல் நிறத் துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்வார் தொப்பியைக் கழற்றிவிட்டு அதில் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். அடுக்குகள் எல்லாம் ஒரே சீர், இப்படி வேலை நான் கண்டதில்லை என்றார். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். நடிப்பில்லை. அந்த வேலைப்பாட்டுக்கு யாரும் அழுவார்கள்.

கட்டிடம் முழுக்கக் கண்ணூறு என்று கதைத்தது. நானும் கண்ணூறுதான் என்றேன். அதில் பொய் இல்லை. தீயணைப்புக்காரர் விசாரித்தபோது ஒரே நேரத்தில் பத்துப் பேர் எங்கள் வழக்கத்தை விளக்கினார்கள். தேங்காய்ப் பாதிகளோடு அழுதுகொண்டு நின்ற என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அம்மருட்டில் இதைவிடப் பெரிய புதினம் இதுவரை நடந்ததில்லை. அதை நான் ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் இருக்கிறேன். தண்டனை போதாது என்று சொல்லாதீர்கள்.

அதற்குப் பிறகு யோகாம்பாள் ஒவ்வொரு பின்னேரமும் வந்தாள். அழுதாள். வடையும் சாப்பிட்டாள். குகதாசன் கராச்சுக்குப் போவதையே விட்டுவிட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்றாள். நல்ல பின்னேரங்கள் அவை.

போன மாதம் அவள் முகம் தெளிந்து வந்தாள். "அக்கா, நீங்கள் அண்டைக்கு அழுததை அவர் இன்னும் சொல்லுறார். சொந்தச் சகோதரம்கூட அப்பிடி அழாதாம். புதுசா ஒண்டு எடுத்திட்டம். இந்தமுறை பின்னுக்கும் ஒரு சீட் இருக்கு. அது உங்களுக்குத்தான்."

இப்போது நீங்களே சொல்லுங்கள். இருவர் போகிற காராக இருந்தது மூவர் போகிற காராகியிருக்கிறது. மேலுக்குக் கூரையும் இருக்கிறது. நெருப்பு வைத்தது நான்தான். யோகாம்பாளின் காதை நினைத்து வைத்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை. நேற்று அந்தப் புதுக் காரின் வெறும் கூட்டுக்குள் பின்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு இருந்து, முன்னுக்கு நின்ற இருவரையும் குசுகுசுவென்று கதைக்கச் சொன்னேன். ஒரு சொல்லும் தவறவில்லை.