யோகராணிக்கு வந்த கடிதங்கள்

டெல்லியில் எங்கள் துவாரகாவில் தண்ணீர் விடியற்காலை ஒரு மணி நேரம்தான் வரும், மேடம். யாராவது ஐந்து மணிக்கே எழுந்து பிடித்து வைக்க வேண்டும். எனக்கு முதுகுவலி. அதனால்தான் யோகராணி வந்தாள்.

தொண்ணூற்றேழில் என் கணவர் சந்திரமௌலி ராமநாதபுரத்துக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது, அகதி முகாமிலிருந்து அவளை அழைத்து வந்தார். இலங்கை மன்னார்ப் பெண். இருபது வயது. தையல் படிக்க வைப்பதாக அவள் அம்மாவிடம் சொன்னோம். மிஷின் வாங்கவும் செய்தோம். என் ரவிக்கைகளையெல்லாம் அவள்தான் தைத்தாள். அவளுடைய முகாம் அட்டை என் பீரோவில் இருந்தது. நாங்கள் வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போவோம். டெல்லி நல்ல ஊர் இல்லையே.

அவளுக்குத் தனித் தட்டு. அவள் குடித்த டம்ளரைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். சமையல் வேறு விஷயம். அவள் பிசைந்தால்தான் சப்பாத்தி மெத்தென்று வரும்.

காபியை ஏன் தள்ளி வைக்கிறீர்கள்? அது நான் போட்டது.

இரண்டாயிரத்து இரண்டில் அங்கே சண்டை நின்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே மன்னாருக்குத் திரும்பிப் போயிருந்த அவள் அம்மா, 'பாதை திறந்திட்டுது, வா பிள்ளை' என்று கடிதம் போட்டாள். அன்று எங்கள் வீட்டில் விருந்தாளிகள். கடிதத்தை அடுப்பில் காட்டினேன். பிறகு வந்தவற்றையும்தான்.

ஒருநாள் பால்கனியில் துணி உலர்த்தியவளிடம் கீழ்வீட்டுக் கனிமொழி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். யோகராணி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"சண்டை நிண்டுட்டுதாம். நான் அம்மாட்டப் போகட்டே அன்ரி?"

உட்காரச் சொன்னேன். அதுவரை அவள் எங்கள் சோபாவில் உட்கார்ந்ததில்லை.

"உங்கம்மா போன வருஷமே ஷெல் விழுந்து போயிட்டாங்கம்மா. உன்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரலை."

தரையில் விழுந்து கத்தினாள். எச்சில் வழிந்து கார்ப்பெட்டெல்லாம் நனைந்தது. அருவருப்பாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தலைமுழுக வெந்நீர் மட்டும் நானே போட்டுக் கொடுத்தேன். அதன்பின் இரண்டு வருஷம், ஊருக்குப் போகிறேன் என்று அவள் கேட்கவே இல்லை.

போன மாதம் யோகராணிக்கு அவள் சித்தி எழுதிய கடிதத்தைத் தபால்காரர் தவறிப்போய்க் கனிமொழி வீட்டில் போட்டுவிட்டார். கனிமொழி பிரித்துப் படித்துவிட்டு, மகளிர் ஆணையத்திலிருந்து உங்களைக் கூட்டி வந்தாள். எழுதிக்கொள்ளுங்கள். அம்மா உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டாள் என்று சொன்னது நான்தான்.

அந்தக் கடிதத்தை நீங்களும் படித்தீர்கள். மகள் வருவாள் என்று பார்த்திருந்துவிட்டு, இந்தத் தை மாதம் அந்த அம்மாள் கண்ணை மூடினாளாம். ஆக, நான் சொன்னது பொய் இல்லை, மேடம். கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.