பதினோரு வாரத்து ரத்தம்

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் டீ வாங்கிக் கொடுப்பது என் வழக்கம். ஆய்வகம் என்றாலே மிரண்டுபோய் வருவார்கள். ஒரு டீயும் வடையும் உள்ளே போனால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். போன ஜூலையில் என்னிடம் ஒப்படைத்த இரண்டு பேரையும் அப்படித்தான் வாசல் கடைக்குக் கூட்டிப்போனேன். உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கையில் என்னை என்னவாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அக்கறை இல்லாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள்.

பெயர் ஜெயசித்ரா, சொந்த ஊர் கான்சாபுரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாவது வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து மூச்சுக் காற்றோடு உடம்புக்குள் போனால் என்ன ஆகிறது என்பது என் தலைப்பு. மூன்றாம் ஆண்டு இளநிலை மாணவர்கள் ஒரு பருவம் ஆய்வகத்தில் வேலை பழக வேண்டும், ஆய்வு மாணவர்கள் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் நீங்கள். நான் கேட்கவில்லை.

வந்தவர்கள் சுமையாவும் கௌதம்ராஜும். சுமையா ராஜபாளையத்துப் பெண். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். கௌதம்ராஜ் மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவான். அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பான். ஒன்பது மணி வேலைக்கு எட்டரைக்கே வந்து கதவருகே நிற்பான். ஒரு துளி சிந்தாமல் மருந்தை அளக்கும் கை அவனுக்கு. எனக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது. இதை நான் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த மாதம்தான் என் கட்டுரை இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது. நான்கு வருடம் எலிகளை வைத்துச் செய்த வேலை. எலிக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்கும் என்பதற்கு என்ன சான்று என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் பக்கம் மருந்து அடிப்பவர்களிடம் ரத்தம் எடுத்திருக்கலாமே என்று நேற்று உங்களில் ஒருவர் கேட்டார். எடுத்திருக்கலாம். ஆனால் அவர்கள் எத்தனை நாள், எவ்வளவு மருந்தைச் சுவாசித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அளவு தெரியாத ரத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

கௌதம்ராஜுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் மருந்தைக் கலக்கி அளக்கும் வேலை கொடுத்தேன். அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஹூட் என்போம். உள்ளே எழும் ஆவியை மேலே இருக்கும் மோட்டார் இழுத்து வெளியே தள்ளிவிடும். வெள்ளிக்கிழமை தோறும் இருவருக்கும் விரலில் குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்தேன். புதிதாக வருபவர்களின் உடல்நலக் கோப்புக்கு என்று சொன்னேன்.

இரண்டாவது வாரம் சுமையா கேட்டாள்.

"அக்கா, ஹூட் மோட்டார் சத்தமே கேக்கலையே?"

"புதுசு மாத்தியிருக்காங்க. சத்தம் வராது."

அவள் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மறுநாளே அவளை வெளி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். எப்படியும் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து படாத ஒருவர் எனக்குத் தேவைப்பட்டது. மோட்டாரின் ஃபியூஸ் என் கைப்பையில் இருந்தது.

ஆறாவது வாரம் அவனுக்குத் தலைவலி ஆரம்பித்தது. எட்டாவது வாரம் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.

"கண்ணு ஒரு மாதிரி மங்கலாத் தெரியுதுக்கா. செத்த நேரம் வெளிய போய் நின்னுட்டு வரட்டா?"

"காலைல சாப்ட்டியா?"

"இல்லக்கா. பஸ்ஸப் புடிக்க ஓடியாந்துட்டேன்."

"அதான் மயக்கமா வருது. இதை முடிச்சிட்டுப் போய்ச் சாப்டு."

"சரிக்கா."

முடித்துவிட்டுத்தான் போனான். அன்று அவனுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ரத்தத்தில் நான் தேடிய நொதி, இந்த மருந்து முடக்கும் நொதி, பாதியாகக் குறைந்திருந்தது. வரைபடத்தில் எலிகளுக்கு வந்த கோடும் இவனுக்கு வந்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தன. நான்கு வருடத்தில் அன்றுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினோராவது வாரம், வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஹூட் முன்னாலேயே விழுந்தான். வாயில் நுரை, கைகால் இழுத்துக்கொண்டது. சுமையா கத்திக்கொண்டு வண்டி பிடிக்க ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் ஒரு குழாய் ரத்தம் எடுத்து ஐஸில் வைத்தேன். பிறகு ஃபியூஸை அதன் இடத்தில் மாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து ஏதும் குடித்தானா என்று கேட்டார். இல்லை என்றேன். அவன் குடிக்கவில்லை, அது உண்மை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு என்றும் சொன்னேன். அது உண்மையில்லை. விஷமுறிவு மருந்து கொடுத்துவிட்டால் ரத்தத்தின் நிலை மாறிவிடும். முறிவு படாத ரத்தம் நான்கு மணி நேரம் கழித்து எனக்கு இன்னொரு முறை தேவைப்பட்டது. ஆகவே நான்கு மணி நேரம் அவனுக்கு வலிப்புக்கு வைத்தியம் நடந்தது.

இடையில் அவன் அம்மா முனீஸ்வரி வந்து சேர்ந்தார்.

"நீங்கதான் அக்காவா? வீட்டுக்கு வந்தா அக்கா இதச் சொன்னாக, அக்கா அதச் சொன்னாகன்னு ஒங்க பேச்சுதாம்மா. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதும்மா. ஒரு டெஸ்ட் மட்டும் எடுக்கணும். கையை அசைக்கிறான், கொஞ்சம் புடிச்சுக்கிடுங்க."

அவர்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ரத்தம் எடுத்தேன். ஏழு மணிக்கு டாக்டரிடம் போய் மருந்தின் பெயரைச் சொன்னேன். உடனே முறிவு கொடுத்தார்கள். அவன் பிழைத்ததற்கு நான் சொன்ன பெயர்தான் காரணம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து அவன் கால்கள் செயலிழந்தன. இந்த வகை மருந்தில் சிலருக்கு அப்படி ஆகும். நான் எதிர்பார்த்ததுதான். முந்தாநாள் பார்க்கப் போனேன். அவன் ரத்தத்தை வாராவாரம் நான் குறித்துவைத்து என் கணினியிலிருந்த அட்டவணையைச் சுமையா உங்களிடம் கொடுத்ததை அவன் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முனீஸ்வரி, "வெளிய போயிரு தாயி" என்று மட்டும் சொன்னார். என் அட்டவணையைப் புரிந்துகொள்ளும் படிப்பு அவருக்கு இல்லை.

நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. ஃபியூஸைக் கழற்றியது நான். பதினோரு வாரம் அவனை அந்தக் காற்றில் நிறுத்தியது நான். நான்கு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்ததும் நான்தான். மம்சாபுரத்திலும் கான்சாபுரத்திலும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்துவிட்டு, சாயங்காலம் வாந்தி எடுக்கும் ஆட்களுக்காக எந்தக் குழுவும் இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. அவர்களுக்காக ஒருத்தி செய்ததற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். பட்டத்தை நிறுத்துங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். என் வரைபடத்தில் விழுந்த அந்தக் கோட்டை உங்களால் அழிக்க முடியாது.

குழுவில் இருக்கும் அம்மா, நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், எங்கள் வீட்டுப் பருத்திக்கு யார் மருந்து அடிக்கிறார்கள் என்று. முன்பு என் அண்ணன் ராம்குமார் அடிப்பான். நான் ஆய்வில் சேர்ந்த வருடமே அதன் பக்கம் போகக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். இப்போது கூலிக்கு ஒருவர் வந்து அடிக்கிறார். அவர் பெயரை நான் கேட்டதில்லை.